வீட்டிலேயே கற்கண்டு வளர்ப்பது எப்படி?

கடையில் வாங்கும் கட்டிக் கற்கண்டை உடைத்தால் நடுவே ஒரு நூல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயில் அகப்பட்ட அந்த நூலைத் துப்பிவிட்டு மீதியைச் சுவைப்பது நம் வழக்கம். உண்மையில் அந்த நூலைப் பற்றிக்கொண்டுதான் கற்கண்டு முழுவதும் வளர்ந்தது. அதே வேலையை அரைக் கிலோ சர்க்கரை, ஒரு டம்ளர் நீர், ஒரு குச்சி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலும் செய்துவிட முடியும். பத்து நாட்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே கடினம்.

முதன்முறை நான் முயன்றபோது குச்சியைச் சுற்றி எதுவுமே வளரவில்லை. ஒட்டவைத்திருந்த சர்க்கரையும் இரவோடிரவாகக் காணாமற்போனது. இரண்டாம் முறை பாட்டிலின் அடியில் பாறைபோல இறுகிய ஒரு கட்டி கிடைத்தது. குச்சி அதற்குள் புதைந்திருந்தது. இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே: சர்க்கரையையும் நீரையும் கண்ணளவாகக் கலந்து, சூட்டைக் கையளவாக ஊகித்தேன். படிகம் வளர்ப்பதில் எவ்வளவு சர்க்கரை போட்டோம் என்பதைவிட, அந்த வெப்பநிலையில் நீர் தாங்கக்கூடியதற்கு மேல் எவ்வளவு போட்டோம் என்பதே முக்கியம். ஆகவே செய்முறைக்குப் போகுமுன் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது.

கணக்கு

சர்க்கரையைப் போல நீரில் தாராளமாகக் கரையும் பொருள் சமையலறையில் வேறில்லை. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 204 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். அதாவது தன் எடையைப் போல இரு மடங்கு. 30 டிகிரியில் இது சுமார் 220 கிராமாகவும், 50 டிகிரியில் சுமார் 260 கிராமாகவும், கொதிநிலையில் 480 கிராமுக்கு மேலும் உயர்கிறது. இனி ஒரு துகளும் கரையாது என்ற நிலையை எட்டிய கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். சூடான நீரில் நிறையக் கரைத்துவிட்டு, ஆடாமல் அசையாமல் ஆறவிட்டால், அந்தக் கூடுதல் சர்க்கரை உடனே வெளியே வந்துவிடுவதில்லை. தாங்கும் அளவைத் தாண்டிய சுமையுடன் கரைசல் அப்படியே நிற்கும். இதற்கு அதிதெவிட்டிய கரைசல் என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் நான் பரிந்துரைக்கும் அளவு 200 மில்லிலிட்டர் நீருக்கு 500 கிராம் சர்க்கரை, அதாவது 100க்கு 250. நம் ஊர் அறை வெப்பநிலையான 30 டிகிரியில் 200 மில்லிலிட்டர் நீர் தாங்குவது ஏறத்தாழ 440 கிராம். ஆக, மீதி 60 கிராம்தான் படிகமாக மாறக் காத்திருக்கும் சரக்கு. அரைக் கிலோ போட்டுவிட்டு அரைக் கிலோ கற்கண்டை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். மீதிச் சர்க்கரை பாகிலேயே இருக்கும், வீணாகாது.

பல செய்முறைகள் மூன்றுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும். அதை எடையளவாக எடுத்துக்கொண்டால், ஆறியபின் அதிதெவிட்டல் அளவுகடந்து போய், குச்சியைத் தேடி வராமல் பாட்டில் முழுவதும் ஒரே நேரத்தில் சின்னச் சின்னப் படிகங்கள் உதிரத் தொடங்கும். என் இரண்டாம் முயற்சியின் பாறை அப்படி வந்ததுதான். கப் கணக்கை விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் எடை போட்டுக்கொள்ளுங்கள்.

தேவையானவை

சாதாரண வெள்ளைச் சர்க்கரை 500 கிராம், நீர் 200 மில்லிலிட்டர், அடிகனமான பாத்திரம் ஒன்று, அரை லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் வாயகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்று, மூங்கில் குச்சி அல்லது தடித்த பருத்தி நூல், துணி உலர்த்தும் கிளிப், மூடுவதற்கு மெல்லிய துணி. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவற்றை முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சர்க்கரை அல்லாத பொருட்கள் பல கலந்திருப்பதால் படிகம் எளிதில் அமையாது. கேக்குக்குப் பயன்படும் ஐசிங் சர்க்கரையும் ஆகாது; அதில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும்.

நிறம் வேண்டுமானால் உணவுக்கான நிறமி இரண்டு மூன்று துளி சேர்க்கலாம். என் விருப்பம் நிறமில்லாமல் வளர்ப்பதுதான். உள்ளே நடப்பதைப் பார்க்க முடிகிறது.

முந்தைய நாள் வேலை: குச்சிக்கு வித்திடுதல்

குச்சியின் கீழ்ப்பாதியை நீரில் நனைத்து, சர்க்கரையில் புரட்டி, ஒரு முழு நாள் உலரவிடுங்கள். ஒட்டிய துகள்கள் விரலால் தட்டினாலும் உதிராத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். தளர்வாக ஒட்டிய துகள் பாகுக்குள் விழுந்து, பாட்டிலின் அடியில் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும்.

இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு வெறும் குச்சியைத் தொங்கவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாகில் சர்க்கரை மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதி, சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. சேர்ந்த வேகத்திலேயே பிரிந்தும் விடுகின்றன. மிகச் சிறிய கூட்டத்தில் பெரும்பாலான மூலக்கூறுகள் ஓரத்தில் இருப்பதால், பிடிமானம் போதாமல் மீண்டும் கரைந்துவிடுகின்றன. தற்செயலாக ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கூட்டம் மட்டுமே கரையாமல் நிலைத்து வளர்கிறது. அந்தத் தற்செயல் எங்கே, எப்போது நிகழும் என்று சொல்ல முடியாது. குச்சியில் ஒட்டிய ஒவ்வொரு சர்க்கரைத் துகளும் அந்த எல்லையை என்றோ கடந்துவிட்ட, ஆயத்தமான படிகம். புதிய மூலக்கூறுகள் அதன்மேல் வந்து அமர்ந்துகொண்டால் போதும். இதை வித்துப் படிகம் என்பார்கள். பாலில் உறை ஊற்றுவதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆனால் உறையில் உயிர் இருக்கிறது, இங்கே இருப்பது வடிவம் மட்டும்.

பாகு காய்ச்சுதல்

வெறும் பாத்திரத்தை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீரைச் சுடவைத்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மிதமான தீயில் கிளறிக் கரையுங்கள். 500 கிராமும் 200 மில்லிலிட்டரில் கரையுமா என்ற ஐயம் நடுவில் வரும். கரையும், சற்று நேரம் எடுக்கும். பாகு தெளிவானதும் ஒரு கொதி வரவிட்டு, இரண்டு நிமிடம் மூடிவையுங்கள். மூடியில் படியும் நீராவி வழிந்து, பாத்திரத்தின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் துகள்களைக் கழுவி இறக்கிவிடும். ஓரத்தில் ஒட்டிய ஒரே ஒரு துகள் விழுந்தால்கூட அது தேவையற்ற வித்தாகிவிடும் என்பதால் இந்த இரண்டு நிமிடத்தைத் தவற விடாதீர்கள்.

இங்கே அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகிய கைகள் சற்று அடங்கியிருக்க வேண்டும். கம்பிப் பதம், உருட்டுப் பதம் எதுவும் பார்க்க வேண்டாம். பதம் என்பதே எவ்வளவு நீர் ஆவியாகிப் போயிற்று என்பதன் அடையாளம். நமக்கோ நீர் குறையவே கூடாது. அடுப்பை அணைத்ததும் பாத்திரத்தோடு எடை போடுங்கள். பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 700 கிராம் வர வேண்டும். குறைந்திருந்தால் அந்த அளவு வெந்நீரை ஊற்றிக் கலந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொதிக்கும் பாகு நீரைவிடச் சூடானது. இந்த அடர்த்தியில் ஏறத்தாழ 105 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் வழிந்தோடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகள் செய்வதானால் இந்தப் பகுதியைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பட்டுவிட்டால் உடனே குழாய் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மாவு எதையும் அப்பக் கூடாது.

ஆறவிடுதலும் குச்சியை இறக்குதலும்

பாட்டிலை நன்றாகக் கழுவி, வெந்நீரில் அலசி, பாகைச் சற்று ஆறியதும் ஊற்றுங்கள். உடனே குச்சியை இறக்கிவிடாதீர்கள். என் முதல் முயற்சி கெட்டது இந்த அவசரத்தால்தான். 100க்கு 250 என்ற பாகு, ஏறத்தாழ 45 டிகிரிக்கு வரும்போதுதான் தெவிட்டிய நிலையை அடைகிறது. அதற்கு மேற்பட்ட சூட்டில் அது இன்னும் கரைக்கும் பசியோடு இருப்பதால், குச்சியில் உள்ள வித்துக்களை விழுங்கிவிடும். வெப்பமானி இருந்தால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். இல்லையெனில் பாட்டிலைக் கையால் பற்றிப் பார்த்து, இளஞ்சூடு மட்டும் தெரியும் நிலையில் இறக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

குச்சியின் நுனி பாட்டிலின் அடியிலிருந்து குறைந்தது மூன்று சென்டிமீட்டர் உயரத்திலும், சுற்றுச்சுவரில் படாமலும் இருக்கும்படி கிளிப்பில் பொருத்தி, கிளிப்பைப் பாட்டிலின் வாய்க்குக் குறுக்கே படுக்கவையுங்கள். மேலே துணியால் மூடுங்கள். நூலைப் பயன்படுத்தினால் நுனியில் ஒரு சிறு கனத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பாகு கனமானது என்பதால் வெறும் நூல் மிதந்து வளையும்.

பிறகு பாட்டிலை வைக்கும் இடம். அடுப்பிலிருந்தும், வெயில் படும் சன்னலிலிருந்தும், மிக்சி ஓடும் மேடையிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலே நம் பாகு மேலும் 3 முதல் 4 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். இரவில் வளர்ந்தது நண்பகலில் கரையும். அலமாரியின் கீழ்த்தட்டு போன்ற இடம் ஏற்றது. எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது போல, ஒரு தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே பாட்டிலை வைத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில்

முதல் நாளில் குச்சி சற்றுத் தடித்ததுபோலத் தெரியும். இரண்டு மூன்று நாட்களில் பட்டைகள் மின்னத் தொடங்கும். ஏழு முதல் பத்து நாட்களில் கற்கண்டு என்று சொல்லத்தக்க அளவு வந்துவிடும். இந்த வளர்ச்சி ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்றால், பாகின் பிசுபிசுப்புதான் காரணம். இந்த அடர்த்தியில் பாகு, நீரைவிட நூறு மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. சர்க்கரை மூலக்கூறு அதற்குள் நீந்தி வந்து படிகத்தைச் சேர வேண்டும். சேர்ந்தபின்னும் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு, சரியான திசையில் திரும்பி, வரிசையில் அமர வேண்டும். சர்க்கரையின் வேதியியல் பெயர் சுக்ரோஸ். ஒரு சுக்ரோஸ் மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள்) இருக்கின்றன; அவற்றின் வழியாக அது அண்டையிலுள்ள மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொள்கிறது. ஒரு கிராம் கற்கண்டில் 1.7 கோடி கோடி கோடி மூலக்கூறுகள் இப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்றால், பத்து நாட்கள் அதிகமில்லை.

பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே, தூக்காமல், குனிந்து பாருங்கள். படிகத்தை ஒட்டி, கோடை வெயிலில் தார்ச்சாலைமேல் தெரியும் கானல்போல மெல்லிய இழைகள் மேல்நோக்கி எழுவது சில நேரம் தெரியும். சர்க்கரையை இழந்த பாகு அடர்த்தி குறைந்து மேலே போகிறது. கனத்த புதுப் பாகு அந்த இடத்துக்கு வருகிறது.

வேகப்படுத்தலாம் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. குளிரில் கூடுதல் சர்க்கரையின் அளவு உயர்கிறது என்பது உண்மை. ஆனால் பாகு மேலும் பிசுபிசுப்பாகி மூலக்கூறுகளின் நடமாட்டம் முடங்கிப்போவதால், வளர்ச்சி கூடுவதற்குப் பதில் குறையவே செய்யும். அதோடு ஃபிரிட்ஜின் கம்பிரசர் அதிர்வு வேறு.

மழைக்காலம் இந்த வேலைக்கு உகந்ததன்று. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால், தெவிட்டிய சர்க்கரைப் பாகு நீரை இழப்பதற்கு மாறாகக் காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கிவிட்டு, படிகம் சுருங்குகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த நாட்களில் பாட்டிலை இறுக மூடிவிடுங்கள். தை, மாசி மாதங்கள் எனக்கு நன்றாக அமைந்திருக்கின்றன.

வறண்ட நாட்களில் எதிர்மாறான தொல்லை வரும். மேற்பரப்பில் நீர் ஆவியாகி, அங்கே ஓர் ஏடு படியும். 10 மில்லிலிட்டர் நீர் போனால் ஏறத்தாழ 22 கிராம் சர்க்கரை வெளியேற வேண்டியிருக்கிறது; அது பெரும்பாலும் இந்த ஏட்டில்தான் போய்ச் சேரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கரண்டிக் காம்பால் ஏட்டை மெதுவாக உடைத்து, துண்டுகள் உள்ளே விழாமல் எடுத்துவிட்டு, துணிக்குமேல் ஒரு தட்டையும் பாதி மூடலாக வைத்துவிடுங்கள்.

அடியில் கட்டி சேர்ந்து குச்சியை எட்டுவதுபோல் இருந்தால், குச்சியை எடுத்து ஒரு டம்ளரில் நிறுத்திவிட்டு, பாகை மட்டும் வேறொரு சுத்தமான பாட்டிலுக்கு மாற்றி, குச்சியை மீண்டும் தொங்கவிடுங்கள். பழைய பாட்டிலின் அடிக்கட்டியைத் தேநீருக்கு உடைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

எலுமிச்சையும் சுண்ணாம்பும்

குலாப் ஜாமூன் பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிவது ஏன் என்று கேட்டால், பாகு பூத்துப்போகாமல் இருக்க என்பார்கள். பூத்துப்போதல் என்பது படிகமாதல்தான். எலுமிச்சையின் அமிலம், சூட்டின் உதவியோடு, சுக்ரோஸ் மூலக்கூறைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. இவை சுக்ரோஸின் வரிசையில் பொருந்தாத அயலார். படிகத்தின் முகப்பில் வந்து இடத்தை மறித்து, உரிய மூலக்கூறு அமரவிடாமல் செய்கின்றன. ஆகவே நம் வேலையில் எலுமிச்சை மட்டுமன்று, புளிப்பின் எச்சம் ஒட்டிய பாத்திரமும் பகை. ஊறுகாய் பாட்டிலைப் பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கையில்லையென்றால் இரண்டு சிறு பாட்டில்கள் வைத்து, ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் கண்காட்சிக்கு இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

பனங்கற்கண்டு செய்வோர் இதே பகையை எதிர்த்திசையிலிருந்து தடுக்கிறார்கள். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, அது கள்ளாகப் புளிக்காமல் இருப்பதற்கு என்று எல்லோரும் அறிவோம். புளிப்பைத் தடுப்பதன் வழியாகச் சுக்ரோஸ் உடைபடாமலும் அந்தச் சுண்ணாம்பு காக்கிறது. அதனால்தான் காய்ச்சிய பதநீர்ப் பாகு படிகமாகும் தகுதியை இழக்காமல் இருக்கிறது. அந்தப் பாகை நூலிட்ட கலன்களில் ஒரு மாதத்துக்கும் மேலாக அசைக்காமல் வைத்திருந்து கற்கண்டு எடுக்கிறார்கள். நம் பத்து நாள் பொறுமை அவர்களுக்கு முன் ஒன்றுமில்லை.

எடுத்தல்

குச்சியை எடுக்கும்போது மேல் ஏட்டை முதலில் முழுவதும் உடைத்துவிடுங்கள்; இல்லையெனில் ஏடு கற்கண்டையும் பிய்த்துக்கொள்ளும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் ஒரு நொடி முக்கி, வெற்று டம்ளரின்மேல் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் வடியவிடுங்கள். அந்த ஒரு நொடி முக்குவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே ஒட்டிய பாகு அப்படியே காய்ந்தால் பட்டைகள் மங்கிப்போகும். உலர்ந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

கையில் பூதக்கண்ணாடி இருந்தால் படிகங்களின் வடிவத்தைப் பாருங்கள். உப்பைப் போலக் கனசதுரமாக இராமல், ஒருபக்கம் சாய்ந்த செங்கல்போல இருக்கும். சிறிதோ பெரிதோ, ஒத்த முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மாறாது. படிகங்களின் இந்த இயல்பை டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669இல் குவார்ட்ஸ் கற்களில் கண்டு எழுதினார்.

கொத்தாக இல்லாமல் ஒற்றைப் படிகம் வளர்க்க ஆசைப்படுவோர் பாகைச் சற்று மெலிதாக, 100க்கு 230 என்ற அளவில் காய்ச்ச வேண்டும். சிறிது பாகைத் தட்டில் ஊற்றி வைத்து, அதில் வரும் படிகங்களில் கண்ணாடிபோலத் தெளிவான ஒன்றைச் சாமணத்தால் எடுத்து, மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுவதும் ஆறிய பாகில் தொங்கவிட வேண்டும். பருத்தி நூல் இதற்கு ஆகாது. அதன் பிசிறுகளில் வேறு படிகங்கள் தொற்றிக்கொள்ளும். வளர ஒரு மாதம் ஆகும்.

சாப்பிடுமுன் ஒரு வேடிக்கையும் செய்யலாம். கற்கண்டுத் துண்டு ஒன்றைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, நன்கு இருட்டிய அறையில் கண் பழகும்வரை பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, குறடால் நொறுக்குங்கள். மிக மங்கலான நீல ஒளி ஒரு கணம் பளிச்சிடும். படிகம் பிளக்கும்போது இருபுறமும் எதிரெதிர் மின்சுமைகள் பிரிந்து, இடையிலுள்ள காற்றின் நைட்ரஜனைக் கிளர்த்துவதால் வரும் ஒளி அது. இருட்டில் சர்க்கரையைச் சுரண்டினால் ஒளிர்வதை ஆங்கிலத் தத்துவஞானி பிரான்சிஸ் பேக்கன் 1620இலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

மீந்த பாகில் ஏறத்தாழ 440 கிராம் சர்க்கரை இன்னும் இருக்கிறது. எடை போட்டு, ஆவியான நீரை ஈடுசெய்து, 60 கிராம் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் அடுத்த குச்சிக்கு ஆயத்தம். மூன்றாம் முறைக்குள் பாகு இலேசாக மஞ்சளாகி, படிகம் வளரத் தயங்கும். திரும்பத் திரும்பக் காய்ச்சியதில் சுக்ரோஸின் ஒரு பகுதி உடைந்துவிட்டது என்று பொருள். கற்கண்டுக்கு உதவாத அந்தப் பாகு குலாப் ஜாமூனுக்கு மிகப் பொருத்தமானது. எலுமிச்சை பிழிய வேண்டிய தேவைகூட இராது.